பிழைக்கும் பிறப்பிடம் உண்டு

கடைக்காரர் கொடுத்த சில்லறையில் எழுத்து கோணிய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று அகப்பட்டுவிட்டால் போதும். சிலருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது! “இதற்கு லட்சம் கிடைக்குமாமே!” என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஆசையைக் கிளப்பி விடுகிறார். பிழையான நாணயம் என்றாலே புதையல் என்பது பலருடைய எண்ணம். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

குறை எவ்வளவு விசித்திரமானது என்பதல்ல கேள்வி. அது எங்கே நேர்ந்தது என்பதுதான் கேள்வி. நாணயச் சாலைக்குள் நேர்ந்திருந்தால் அது பிழை, சேகரிப்பவர் மதிப்பார். வெளியே வந்த பிறகு நேர்ந்திருந்தால் அது வெறும் சேதம். நாணயத்தில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் காலணா பெறாது.

நாணயம் பிறக்கும் விதம் தெரிந்தால் இது விளங்கும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். ஆகவே வில்லையில் குறை இருக்கலாம், அச்சில் இருக்கலாம், அல்லது அடிக்கும் வேளையில் ஏதேனும் தவறியிருக்கலாம். இம்மூன்றில் எதனாலும் விளக்க முடியாத குறையைச் சந்தேகிப்பதே முறை.

அமெரிக்காவின் ஒரு சென்ட் காசையே எடுத்துக்கொள்வோம். 1955-ம் வருஷம் பிலடெல்பியா நாணயச் சாலையில் அச்சு தயாரிக்கும்போதே உருவம் இரண்டாம் முறை சற்றுத் திரும்பிப் பதிந்துவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாகத் தெரியும் அந்தக் காசுகள் சுமார் 20,000 புழக்கத்துக்குப் போய்விட்டன. இன்று அவற்றில் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேலும் விலை போகிறது. ஆனால் அதே வருஷத்தில், தேய்ந்த அச்சினால் கடைசி 5 மட்டும் இரட்டைபோலத் தோன்றும் காசுகளும் உண்டு. அவற்றுக்கு மதிப்பு சொற்பமே. பார்வைக்கு இரண்டும் இரட்டைதான், பிறப்பு வேறல்லவா?

1943-ல் யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால், துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்பு வில்லையில் அடிபட்டவை மிகச் சில. அவற்றின் விலை ஏற ஏற, எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவோரும் கிளம்பினர். 1948-ன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவர்களும் உண்டு! முலாம் பூசியதைக் காந்தம் காட்டிக் கொடுக்கும். செதுக்கியதைப் பூதக்கண்ணாடி காட்டிக் கொடுக்கும்.

இன்னொரு தந்திரம் எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடியது. இரண்டு நாணயங்களைச் சேர்த்து வைஸில் வைத்து இறுக்கினால், ஒன்றின் எழுத்து மற்றொன்றில் இடவலம் மாறிக் குழிவாகப் பதியும். அச்சில் ஒட்டிக்கொண்ட நாணயத்தால் சாலையிலேயே இப்படி நேர்வதுண்டு என்பதால் ஏமாறுவது எளிது. ஆனால் வைஸில் செய்ததன் மறுபக்கம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். நாணயத்தைத் திருப்பிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

‘ஆசைப்படுவதில் என்ன நஷ்டம்?’ என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரைக் காட்டிக் கமிஷனும் வரியும் கேட்கும் மோசடிக்காரர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அத்தகைய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. லட்சம் வரும் என்று நம்பி, கையில் இருக்கும் ஆயிரத்தை முன்பணமாகக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? போதாக்குறைக்கு, விற்பதற்கு முன் பளபளக்கட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பவர்கள், உண்மையான பிழை நாணயத்தின் மதிப்பைக்கூடக் குறைத்துவிடுகிறார்கள்.

சேகரிப்பு நல்ல பொழுதுபோக்கு. கண்ணுக்கும் பொறுமைக்கும் பயிற்சி. அதற்குப் பூதக்கண்ணாடி, சிறு தராசு, காந்தம் ஆகிய மூன்றும் போதும். விலை என்ன என்று கேட்பதற்கு முன், ‘இது எப்படி நேர்ந்தது?’ என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைக்காதவரை பணப்பையைத் திறக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.