பேசிக்கொண்டே நடக்கிறாரா?



நாகர்கோவில் பக்கமிருந்து காலை ரயிலில் வந்து திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும் கூட்டத்தில், கையில் ஸ்கேன் கவரோடு சிலரைப் பார்க்கலாம். மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிலையத்துக்குப் போகிறவர்கள். பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது.

பார்க்கின்சன் உள்ள ஒரு பெரியவர் டாக்டர் அறையில் ஒழுங்காக நடந்து காட்டுவார்; அவரே, ஸ்டேஷன் வாசலில் திணறுவார். ஒருபுறம் ஆட்டோக்காரர் குரல், எதிரே பஸ் ஹார்ன். "டிக்கெட்டை எங்கேப்பா வச்சீங்க?" என்று மகள் கேட்க, கை சட்டைப் பையைத் தேடும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். இந்த நோயில் மூளையில் டோபமின் குறையும்போது நடை தன்போக்கில் வருவதில்லை. ஒவ்வோர் அடியையும் நினைத்து வைக்க வேண்டும். அந்த நினைப்பைக் கேள்வி ஒன்று பறித்துக்கொண்டால் அடியும் நின்றுபோகும்.

ஆகவே நடையையும் சிந்தனையையும் தனித்தனியே சோதித்தால் பாதிதான் தெரியும். 100-லிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லும் சோதனை ஏற்கெனவே உண்டு. கணக்கென்றாலே பதறுகிறவர்களுக்கு அது பரீட்சை. இங்கேதான் கணினி விளையாட்டு கைகொடுக்கிறது. திரையில் தடை வரும்போது காலைத் தூக்க வேண்டும், சரியான வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு தாமதம், எத்தனை தவறான அடி என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய 'எம்-பவர்' என்ற பார்க்கின்சன் ஆய்வு, செல்போனையே சோதனைக் கருவியாக்கியது. திரையில் பூக்கள் ஒளிரும் வரிசையை நினைவில் வைத்துத் தொட வேண்டும். போனைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இதை மாத்திரைக்கு முன்னும் பின்னும் செய்யச் சொன்னார்கள். மாத்திரையின் வேகம் ஏறி இறங்குவதை டாக்டரின் பத்து நிமிடப் பார்வையில் பிடிப்பது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: போனையே தொட்டுப் பழகாத பாட்டி குறைந்த மதிப்பெண் எடுத்தால், அது நோயின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் நாமாகச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து.

நாம் செய்யக்கூடியது வேறு. நோயுள்ளவர் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். எந்த இடத்தில், மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் கால் நின்றது என்று குறித்து வையுங்கள். "அப்பா நடக்கிறார்" என்பதோடு நிறுத்தாமல், அவராகப் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்