அப்பாவின் பதக்கம் எந்த டப்பாவில் இருக்கிறது?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய நாணயம் விற்பவர்கள் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கிளறினால், ஓட்டைக் காலணா, சாவி தொலைந்த பூட்டு, நின்றுபோன கைக்கடிகாரம் இவற்றுக்கு நடுவே ரிப்பன் நைந்துபோன ஒரு பதக்கம் கையில் சிக்கும். 'மிலிட்டரி மெடல்' என்றுதான் விற்பவர் சொல்வார். திருப்பிப் பார்த்தால் சில நேரம் அது போலீஸ் பதக்கம். யாருடையது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த சாமான், அவ்வளவுதான்.

அந்த வீடு நம் பக்கத்துத் தெருவில்கூட இருந்திருக்கலாம். தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கம் ஓய்வு பெற்ற காவலர் குடும்பங்கள் நிறைய. ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவலர் பயிற்சியகம் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் காவலர்களுக்கென்றே அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. இந்த வீடுகளில் ஏதோ ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு பதக்கம் நிச்சயம் தூங்கிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் நீண்ட காலப் பணிக்கான பதக்கம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது தமிழக முதலமைச்சரின் காவல் பதக்கம். பணியில் சேர்ந்து 10 ஆண்டுகள் எந்தத் தண்டனையும் இல்லாமல் வேலை பார்த்த காவலர்களுக்குப் பொங்கலையொட்டி அறிவிப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலரில் தொடங்கி சிறப்பு உதவி ஆய்வாளர் வரைதான் இது. பெரிய அதிகாரிகளுக்கு இல்லை. ஆண்டுக்கு 3,000 பேர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கும் துறையில், பத்து வருடம் முடித்த எல்லோருக்கும் உடனே வந்துவிடாது. கூடவே மாதம் 400 ரூபாய் பதக்கப்படி. பதவி எதுவானாலும் ஒரே தொகை. பாதி காஸ் சிலிண்டர்கூட வராது என்பது வேறு விஷயம்.

'10 ஆண்டுகள் தண்டனை இல்லாமல்' என்பதைப் படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் பந்தோபஸ்து, நைட் ரவுண்ட்ஸ், கோர்ட் டியூட்டி என்று ஓடுகிற வேலையில் ஒருநாள் தாமதமாக வந்தாலும் மெமோ உண்டு. காவலர்களுக்கு வார விடுமுறை என்ற அரசாணையே 2021-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பதக்கம் வாங்கியவர்கள் எத்தனை தீபாவளிக்கு வீட்டில் இல்லை என்பதை அவர்கள் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

என்னிடம் பலர் கேட்கும் கேள்வி, 'இது என்ன பதக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?' முதல் துப்பு தேதிதான். பொங்கலையொட்டி வந்தது என்றால் மேலே சொன்ன பதக்கமாக இருக்கலாம். செப்டம்பர் 15-ஐ ஒட்டி என்றால் அண்ணா பதக்கம். குடியரசு தினத்தில், கள்ளச்சாராய ஒழிப்புக்காக என்றால் காந்தியடிகள் காவலர் பதக்கம். குடியரசுத் தலைவர் பெயரிலான பதக்கங்களை ஜனவரி 26, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி அறிவிப்பார்கள். அவற்றின் தொடக்கம் 1951 மார்ச் 1. பல பெயர்களில் இருந்த அந்தப் பதக்கங்களை ஒன்றிணைத்துச் சுருக்கி, 2024 குடியரசு தினத்திலிருந்து புதிய பெயர்களில் தருகிறார்கள். அதனால் தாத்தா வாங்கிய பதக்கத்தின் பெயர் இன்றைய பட்டியலில் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

சந்தையில் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கும் 1997-ல் பொன் விழாவுக்கும், அப்போது பணியில் இருந்த ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் நினைவுப் பதக்கம் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் வந்தவை அவை. அதைக் காட்டி 'வீரப் பதக்கம் சார், ரேர் பீஸ்' என்று ஆயிரங்களில் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது, யாருடையது என்ற கேள்வி. பதக்கத்தின் முகத்தைவிட ஓரம்தான் இதற்குப் பதில் சொல்லும். பிரிட்டனில் 1951-ல் தொடங்கிய போலீஸ் நீண்டகாலப் பணிப் பதக்கத்தில், வாங்கியவரின் பதவியும் பெயரும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் 22 ஆண்டுப் பணிக்குக் கொடுத்தார்கள், 2010-ல் அதை 20 ஆக்கினார்கள். அந்த ஒரு வரிப் பெயரை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷன், எந்த ஆண்டு என்று தேடிப் பிடிப்பதையே அங்கே பலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நம்மூர்ப் பதக்கத்தில் பெயர் இல்லையென்றால், பதக்கத்தோடு கொடுக்கும் பதக்கச் சுருள்தான் அடையாளம். அது தொலைந்தால் பதக்கம் அநாதை.

எங்கள் அடுக்குமாடியில் ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ. ஒருவர் இருக்கிறார். பதக்கம் டப்பாவில் பத்திரமாக இருந்தது, சுருள் இல்லை. எந்த ஆண்டு வாங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. அவர் மனைவிதான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: 'பெரியவளுக்கு அம்மை போட்டிருந்துச்சே, அந்தப் பொங்கல்.' பிறகு பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். பதக்கப்படி பிப்ரவரியிலிருந்துதான் சேரும். ஜனவரிச் சீட்டில் இல்லாத தொகை பிப்ரவரிச் சீட்டில் இருந்தது. ஆண்டு கிடைத்துவிட்டது!

தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஸ்டேஷன் அதே இடத்தில் இருந்திருக்கும், மேலே இருந்த அலுவலகம் மாறிக்கொண்டே இருந்திருக்கும். 1997 வரை செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், பிறகு காஞ்சிபுரம். 2008-ல் சென்னைப் புறநகர் ஆணையரகம் வந்தது. 2011-ல் அது சென்னை மாநகரக் காவலோடு சேர்ந்தது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கே தனி ஆணையரகம். பதக்கங்களை மாவட்ட, மாநகரத் தலைநகரில் விழா வைத்துக் கொடுப்பார்கள் என்பதால், அப்பா வாங்கிய ஆண்டில் ஸ்டேஷன் யாருக்குக் கீழே இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் தப்பான அலுவலகத்தில் போய் நிற்போம்.

இன்னும் பழையது என்றால் எழும்பூர் போக வேண்டும். அங்குள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சென்னை மாகாணத்தின் அரசிதழ்கள் இருக்கின்றன. பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021 செப்டம்பரில் திறந்த காவல் அருங்காட்சியகமும் எழும்பூரில்தான். பிள்ளைகளோடு ஒரு நடை போய்வரலாம்.

டப்பாவில் இருப்பது ராஜா தலை போட்ட பதக்கமாகவும் இருக்கலாம். பின்பக்கம் இலை வளையமும் போலீஸ் தடியும் இருந்தால், அது 1934-ல் பிரிட்டிஷ் காலனிப் போலீஸ் படைகளுக்காகத் தொடங்கிய நீண்டகாலப் பணிப் பதக்கம். 18 ஆண்டுப் பணிக்குக் கொடுத்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா மலாயாவிலோ சிங்கப்பூரிலோ போலீஸாக இருந்தாரா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். முன்பக்கம் இருப்பது ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா, எலிசபெத் ராணியா என்பதை வைத்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

எதுவானாலும் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பீதாம்பரியும் வேண்டாம். முலாம் போனால் போனதுதான், எழுத்தும் மழுங்கிவிடும். ரிப்பனைத் துவைக்கவும் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, ஷூ பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்.

சந்தையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓரத்தில் பெயர் இருந்தால் விலை பேசுவதோடு நிறுத்திவிடாமல், அந்தக் குடும்பத்தைத் தேடிப் பாருங்கள். வறுமையில் விற்றிருக்கலாம், தெரியாமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கலாம். திரும்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கொடுத்த காசுக்கே கொடுத்துவிடுவதுதான் மரியாதை என்பது என் கட்சி. சேகரிப்பாளர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்பாவோ தாத்தாவோ இன்னும் நம்மோடு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன், எந்த எஸ்.பி. கையால், யார் யார் கூட வாங்கினார்கள் என்று அவர் பேசுவதை போனில் பதிவு செய்யுங்கள். பதக்கத்தின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம், சுருள் என நான்கு படம் எடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் தாண்டிப் போடுவதாக இருந்தால் பணி எண்ணையும் வீட்டு முகவரியையும் மறைத்துவிடுங்கள். ஓரத்தைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்.