வலி மாத்திரையில் டபுள் என்ட்ரி!

பி.காம். படித்ததில் எனக்கு ஒரே ஒரு லாபம். கணக்கு எங்கே இடித்தாலும் மூக்கு வேர்த்துவிடும். போன வாரம் அது உம்மாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்து வேர்த்தது.

முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதியது, டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்த மாத்திரை. பக்கத்திலேயே கடையில் வாங்கிய 650!

"அது வலிக்கு, இது காய்ச்சலுக்கு. வேற வேறதானே?" என்றார் உம்மா.

எங்கே வேற? இரண்டிலும் பாராசிட்டமால். ஒரே செலவை இரண்டு தடவை எழுதிய கதை! பேரேட்டில் தப்பு என்றால் அடித்து எழுதலாம். ஈரலில் முடியுமா? பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. வயதானவர், மெலிந்தவர், ஈரல் கோளாறுக்காரர் என்றால் அதைவிடக் குறைவு.

டிரமடால் சாதுவா என்றால், அதுவும் இல்லை. அபின் வகையறாவுக்குச் சொந்தக்காரர். தூக்க மாத்திரையோடோ மதுவோடோ கூட்டுச் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்குவார். சிலருக்கு வலிப்பு வரும். நாள்பட்டால் பழக்கமாகி, 'என்னை விடாதே' என்பார். அதனால்தான் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். இதற்கு முந்தைய கூட்டணியான டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபீன் - பாராசிட்டமால் கதை தெரியுமோ? இதயத்துக்கு ஆபத்து என்று அமெரிக்காவில் 2010-ல் கடையை மூடினார்கள். இந்தியாவில் 2013-ல்.

இதையெல்லாம் உம்மாவுக்கு விளக்கிவிட்டு அட்டையைப் பார்த்தால், பாதியைக் காணோம்!

"அடுத்த வீட்டு மாமி கேட்டாக. துபாயில மவனுக்கு இடுப்பு வலியாம். நாளைக்குப் போற புள்ளைக்கிட்ட குடுத்து விடுறாக. வலி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. புதுமடத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். ஆனால் அமீரகத்தில் டிரமடால் கட்டுப்பாட்டு மருந்து. முன்அனுமதியும் சீட்டும் இல்லாமல் கொண்டு போனால், இடுப்பு வலி மகனுக்கு, போலீஸ் வழக்கு கொண்டு போன பையனுக்கு!

ஓடினேன். கருவாட்டுப் பொட்டலத்துக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவே பத்திரமாக இருந்தது பாதி அட்டை. மீட்டு வந்தேன். மாமி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன் கருவாட்டோடு சுகமாகப் போய்ச் சேர்ந்தான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கிற அத்தனை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆடிட்டிங் என்றால் எல்லா வவுச்சரும் வேண்டும் சார்!