இசையாசிரியர் பாட வேண்டாமா?

‘இசையாசிரியர்க்கு இனியும் சாதகம் எதற்கு?’ என்று வினவுவோர் மலேசியத் தமிழரிடையே உளர். சரளி வரிசையும் அலங்காரமும் கீதமும் சொல்லித்தர இளமையில் கற்றது போதாதா என்பது அவர்தம் வாதம். பெற்றோர் மட்டும் இப்படி எண்ணினால் பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களுள்ளும் சிலர் இதையே நம்பித் தம்புராவுக்கு உறையிட்டு மூலையில் சாத்திவிட்டனர்.

முதற்பாடமாகிய மாயாமாளவகௌளையையே எடுத்துக்கொள்வோம். அதன் சுத்த ரிஷபம் சட்ஜத்தை ஒட்டி நிற்கும். அந்தர காந்தாரமோ எட்டி நிற்கும். பிள்ளையின் குரல் இவ்விரண்டிலும் நூலிழை பிசகுவதை உணரக் கூரிய செவி வேண்டும். நாள்தோறும் தம் குரலைச் சுருதியோடு சேர்த்துப் பார்ப்பவர்க்கே அக்கூர்மை நிலைக்கும். மாலை முழுதும் பிசகிய சுரங்களையே கேட்கும் செவி, காலப்போக்கில் பிசகுக்கே பழகிவிடும். குரலின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆடவர், ஐந்து ஐந்தரைக் கட்டைப் பிள்ளைகளோடு தமக்கு ஒவ்வாத சுருதியில் மணிக்கணக்கில் பாடுகிறார். தம் சுருதியில் தமக்கெனப் பாட ஒரு மணி நேரமும் இல்லையேல் அக்குரல் என்னாவது?

‘மேடையாசை வகுப்பைக் கெடுக்கும்’ என்பாரும் உளர். செம்மங்குடி சீனிவாச ஐயர், முத்தையா பாகவதருக்குப் பின் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியின் முதல்வராகி, 1963 வரை அப்பொறுப்பில் இருந்தார். அப்போதே, 1947இல், சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார். அவர் மேதை, எல்லாரும் அவராக முடியுமா எனலாம். முடியாதுதான். ஆனால் மேதைக்கே தேவைப்பட்ட சாதகம் மற்றவர்க்குத் தேவையில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

குற்றம் இரு பக்கமும் உண்டு. நல்லாசிரியர் என்று பெயரெடுத்தவரும் மாணவர் ஒருவரைக் குறைத்துக்கொள்ள மனம் வராமல், சனி ஞாயிறு முழுதும் வீடு வீடாகச் சென்று கற்பிக்கிறார். பிறகு நேரமில்லை என்கிறார். வீட்டு வாடகை அவரை விரட்டுகிறது என்பது மெய்யே. ஆயினும், வாடகை கட்டிய பின்னும் மாணவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதற்கு என்ன சமாதானம்?

சமூகத்தின் குற்றமோ இதனினும் பெரிது. கச்சேரிக்காக ஆசிரியர் ஒரு வகுப்பைத் தள்ளிவைத்தால், அம்மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. அவர்கள் வாங்குவது கல்வியா, கத்தரிக்காயா? கோவில் விழா வந்தால் சென்னையிலிருந்து பாடகரை அழைக்கிறோம். அழைக்கட்டும், நல்லிசை எங்கிருந்து வந்தாலும் கேட்க வேண்டியதே. ஆனால் ஆண்டு முழுதும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்க்குக் கடவுள் வாழ்த்து மட்டும் ஒதுக்கி, அதையும் மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறோம். பாட மேடையில்லாதவர் எந்த நாளை எண்ணிச் சாதகம் செய்வார்? தம் ஆசிரியர் விரிவாக ஓர் இராகம் பாடிக் கேட்டிராத பிள்ளை, வர்ணத்துக்கு அப்பாலும் இசை உண்டென்பதை எங்ஙனம் அறியும்?

கோவில் நிர்வாகத்தினர் இதற்குப் பெரிய திட்டம் தீட்ட வேண்டியதில்லை. வரும் நவராத்திரியின் ஒன்பது இரவுகளில் ஒன்றை உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு ஒதுக்கட்டும். அழைப்பை ஆறு மாதம் முன்னதாகவே அனுப்பட்டும். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்தே சன்மானம் கொடுக்கட்டும்.