தண்ணி மேல மிதந்தா தீ பிடிக்காதா?

"தண்ணியில ஓடுறதுதானே, அதுல என்னங்க தீ பயம்?"

ஏற்காட்டுப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. லாட்ஜ் நடத்துறவர், எஸ்டேட் குட்டையில விருந்தாளிங்களுக்குப் படகு விடறவர், சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஜீப் மேல கயாக்கைக் கட்டிக்கிட்டு ஏறி வர்ற தம்பிங்க... எல்லாரும் ஒரே பல்லவி. சரி, இன்னிக்கு இதை ஒரு கை பார்த்துடுவோம்.

முதல்லயே சொல்லிடறேன். நான் மின்சாரப் படகுக்கு எதிரி கிடையாது. பெட்ரோல் ஜெட் ஸ்கி ஒண்ணு நம்ம ஏரியில உறுமிக்கிட்டுச் சுத்தினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதுக்கு மோட்டார் வச்ச கயாக் ஆயிரம் மடங்கு தேவலை. என் சண்டை பேட்டரியோட இல்லை, அதை வாங்கி வச்சுக்கிட்டு நம்மாளுங்க அடிக்கிற கூத்தோடதான்.

லித்தியம் பேட்டரி எரியறது விறகு எரியற மாதிரி இல்லை. ஒரு செல்லுக்குள்ள ஷார்ட் ஆச்சுன்னா அந்தச் சூடு பக்கத்து செல்லைக் கிளப்பும், அது அடுத்ததை. சில ரகத்துல ஆக்சிஜன்கூட உள்ளேயிருந்தே வந்துடும், வெளிக்காத்தை அடைச்சு அணைக்கிற கதையே கிடையாது. தண்ணி ஊத்தினா பேட்டரி ஆறும், அது உண்மை. ஆனா தண்ணி செல்லுக்குப் போய்ச் சேரணுமே? பெட்டியை ரப்பர் வச்சு இறுக்கி மூடினதே தண்ணி உள்ள போகக்கூடாதுன்னுதான்! சுத்தி ஏரியே இருந்தாலும் ஒரு சொட்டு உதவாது.

நார்வேயில என்ன ஆச்சுன்னு பாருங்க. 2019 அக்டோபர் 10-ஆம் தேதி யிட்டரோய்னிங்கன்ங்கிற பேட்டரிப் படகுல, பேட்டரி அறைக்குள்ள தீ. பேட்டரியைக் குளிர்விக்கிற திரவம் கசிஞ்சு உள்ள ஷார்ட் ஆனதுதான் ஆரம்பம்னு சொன்னாங்க. எப்படியோ கரைக்கு வந்து எல்லாரையும் இறக்கிட்டாங்க. கதை முடிஞ்சுதுன்னு பார்த்தா, மறுநாள் அடித்தளத்துல வெடிச்சுது. பேட்டரி கக்கின வாயு மூடின இடத்துல தேங்கி நின்னதோட வேலை. தீயணைப்பு வீரர்கள் பத்துப் பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கடல் பக்கத்துலயேதான் இருந்துச்சு ஐயா, தண்ணிக்கா பஞ்சம்?

அந்த வாயுவுல ஹைட்ரஜன் இருக்கு, கார்பன் மோனாக்சைடு இருக்கு, நுரையீரலை அரிக்கிற ஹைட்ரஜன் ஃபுளூரைடும் இருக்கு. ஜெட் ஸ்கியோட வயிறும் ஒரு மூடின அறைதான். என்ன, இங்க நாம அந்த அறைக்கு மேலயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கோம்.

அடுத்தது இந்த ஐபி67 மந்திரம். பெட்டியில அந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் கங்கையில முழுக்காட்டலாம்னு முடிவு பண்ணிடறாங்க. அந்தச் சோதனை என்ன தெரியுமா? ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணியில அரை மணி நேரம். அவ்வளவுதான். மூணு வருஷம் வெயில்ல காய்ஞ்சு, ஜீப்புல குலுங்கி, விறைச்சுப் போன ரப்பர் வளையத்தைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லலை.

இதுல நம்ம மலைக்குன்னே ஒரு சூட்சுமம் இருக்கு. மஞ்சக்குட்டைப் பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தர் (பேர் வேணாம், நல்ல மனுஷன்) காலையில பேட்டரியை முழுசா சார்ஜ் ஏத்தி, தொட்டாச் சுடற பெட்டியை அப்படியே குட்டையில இறக்கின படகுல வைப்பார். அடியில எப்பவும் ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கும், ஐஸ் மாதிரி இருக்கும். சூடான பெட்டி சட்டுனு குளிர்ந்தா உள்ள இருக்கற காத்து சுருங்கும். சுருங்கினா வெளியில இருந்து இழுக்கும். எங்க கொஞ்சம் இடுக்கு இருக்கோ அந்த வழியா ஈரம் உள்ள போகும். தினம் ஒரு மடக்கு. ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது. ஆறு மாசம் கழிச்சு உள்ள இருக்கற கனெக்‌ஷன் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். அரை மணி நேரம் ஆற விட்டு எடுத்துக்கிட்டுப் போங்கன்னா, "டூரிஸ்ட் வெயிட் பண்றாங்க தம்பி" ங்கறார்.

அந்த பேட்டரியும் லேசுப்பட்டது இல்லை. பழைய ஸ்கூட்டர்ல கழட்டின செல்லை வச்சு ஒரு கடையில கட்டிக் கொடுத்தது. சார்ஜர் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியோடது! லெட்-ஆசிட் சார்ஜர்ல சிலது பேட்டரியைப் புதுப்பிக்கறேன்னு 15 வோல்ட்டுக்கு மேலயும் ஏத்தும். நாலு செல் லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கு 14.6 தான் எல்லை. நடுவுல காவல் நிக்கிறது பிஎம்எஸ்ங்கிற ஒரு சின்ன அட்டை. அதுவும் மட்டமானதா இருந்துட்டா?

வேலூரை மறந்துட்டோமா? 2022 மார்ச்சுல, புதுசா வாங்கின மின்சார ஸ்கூட்டரை ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கினாங்க. வண்டி எரிஞ்ச புகையில அப்பாவும் பதிமூணு வயசுப் பொண்ணும் மூச்சு முட்டிச் செத்துப் போனாங்க. அந்த வருஷம் வரிசையா ஸ்கூட்டர்கள் எரிஞ்ச பிறகுதான் ஏஐஎஸ்-156 விதியை இறுக்கி, 2022 டிசம்பர்ல இருந்து படிப்படியா அமலுக்குக் கொண்டுவந்தாங்க. ஆனா அது ரோட்டுல ஓடுற வண்டிக்கு. அதே செல்லைக் கழட்டிக் குட்டையில விட்டா, அந்த விதி அங்க வராது. ரோட்டுல ஆகாதது தண்ணியில ஆகுமா? என்ன நியாயம் இது?

செய்யத் தெரிஞ்சவங்க பக்கத்துலயே இருக்காங்க. கேரளாவுல வைக்கம் - தவணக்கடவு நடுவுல 'ஆதித்யா' சோலார் படகு 2017-லயே 75 பேரை ஏத்திக்கிட்டு லித்தியம் பேட்டரியில ஓட ஆரம்பிச்சுது. 2023 ஏப்ரல்ல தொடங்கின கொச்சி வாட்டர் மெட்ரோவுக்கு லித்தியம் டைட்டனேட் ரகம். விலை ஜாஸ்தி, கனம் ஜாஸ்தி, ஒரே கனத்துக்கு மின்சாரம் கம்மியாத்தான் நிக்கும். ஆனா சீக்கிரத்துல தீப்பிடிக்காது. அவங்க முதல்ல ஆளோட உசுரைப் பார்த்தாங்க. நாம முதல்ல கேட்கறது "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

கயாக்குக்கு டைட்டனேட் வாங்குங்கன்னு நான் சொல்லலை, கட்டுப்படியாகாது. பாஸ்பேட் ரகம் போதும், மத்ததை விட அது சூடு தாங்கும். அதுக்குன்னே உள்ள சார்ஜர், பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ். சார்ஜ் போடறது திண்ணையிலயோ கார் ஷெட்டுலயோ, ஆள் முழிச்சிருக்கும்போது. விருந்தாளி தூங்குற ரூமுக்குக் கீழ இருக்கற ஸ்டோர் ரூம்ல இல்லவே இல்லை. பெட்டி உப்பியிருந்தாலோ, தண்ணியில முங்கி எழுந்தாலோ அதோட ஆயுசு முடிஞ்சுது. காய வச்சுத் திரும்பப் போடற வேலை வேணாம். முட்டுக்காடு பக்கம் உப்புத் தண்ணியில முங்கினதுன்னா இன்னும் மோசம். 2022-ல அமெரிக்காவுல இயன் புயலப்போ கடல்தண்ணி புகுந்த மின்சாரக் கார்கள் சிலது வெள்ளம் வடிஞ்சு பல நாள் கழிச்சுக்கூட எரிஞ்சுது.

"இதெல்லாம் பார்த்தா பத்தாயிரம் ரூபா கூட ஆகுமேப்பா"ன்னார் மஞ்சக்குட்டைக்காரர். ஆகும்ணே. ஒரு சனி ஞாயிறு ரூம் வாடகை அது.