எங்கள் ஊர்க்காரன் என்னும் பதக்கம்

அமெரிக்காவின் நேஷனல் கார்டு வீரருக்கு இரண்டு எஜமானர்கள். வெள்ளம் வந்தால் ஆளுநர் கூப்பிடுவார். போர் வந்தால் ஜனாதிபதி. மற்ற நாட்களில் அவர் பள்ளி ஆசிரியராகவோ மெக்கானிக்காகவோ பிழைப்பைப் பார்ப்பவர். கடல் கடந்து போரிட்டுத் திரும்பும்போது, மத்திய அரசின் பதக்கங்களோடு மாநிலமும் தன் பங்குக்கு ஒன்று தருவதுண்டு. வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசின் பணியில் இருக்கும்வரை மாநிலப் பதக்கத்தை அவர் வாங்கிக்கொள்ளலாம். ராணுவ விதிப்படி, அணியக் கூடாது.

தான் தொடுக்காத, தான் நடத்தாத போருக்கு ஒரு மாநிலம் ஏன் பதக்கம் தர வேண்டும்? மினசோட்டாவின் கதையைப் பார்த்தால் புரியும். உள்நாட்டுச் சட்டத்தை நிறைவேற்ற, கலகத்தை அடக்க, படையெடுப்பைத் தடுக்க: இந்த மூன்றுக்குத்தான் மாநிலப் படையை அழைக்கலாம் என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். அதனால் 1898இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது கார்டு வீரர்கள் தனித்தனியாகத் தொண்டர்களாகப் பெயர் கொடுத்தார்கள். 13ஆவது மினசோட்டா படைப்பிரிவு அப்படித்தான் மணிலா வரை போனது. இந்தச் சுற்றுவழி 1933இல் தேவையில்லாமல் போயிற்று. மாநிலப் படையில் சேருகிறவர் அப்போதே தேசிய ராணுவத்தின் சேமப்படையிலும் சேர்ந்தவராகிவிடுவார் என்று சட்டம் வந்தது.

ஆளுநர்கள் லேசில் விடவில்லை. 1980களில் மத்திய அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சிலர் மறுத்தார்கள். இடம் பிடிக்கவில்லை என்று ஆளுநர் தடுக்க முடியாதபடி 1986இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. மினசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச் வழக்குப் போட்டார். 1990இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே மாநிலத்தின் படைப்பிரிவு ஒன்று 2007இல் இராக்கிலிருந்து வீடு திரும்பவிருந்த சமயத்தில் பணிக்காலம் நீட்டிக்கப்பட்டு, மொத்தம் 16 மாதம் அங்கேயே இருந்தது. ஆளுநரிடம் யாரும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் உரிமை போனபின், போனவன் எங்கள் ஊர்க்காரன் என்று சொல்லும் உரிமைதான் மாநிலத்திடம் மிஞ்சியது. சட்டமன்றத்துக்கு இந்தப் பதக்கம் செலவில்லாத நன்றி என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். வேலையும் வைத்தியமும் தராமல் பதக்கம் மட்டும் தந்தால் அது ஏமாற்றுத்தான். ஆனால் ஒரு மாநிலம் தன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கணக்கு வைப்பது சின்ன விஷயமல்ல.

உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1866இல், மேற்கு வர்ஜீனியா தன் வீரர்களுக்காக 26,000 பதக்கங்களை அடித்தது. மாநிலம் பிறந்தே மூன்று வருடம்தான். உயிரோடு திரும்பியவர்களுக்கு ஒரு வகை, களத்தில் விழுந்தவர்களுக்கு ஒன்று, காயத்தாலோ நோயாலோ இறந்தவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அந்த வீரரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவற்றை யாரும் வந்து வாங்கவில்லை. மாநிலம் அவற்றை உருக்கிவிடவில்லை. ஆவணக் காப்பகத்தில் வைத்து, வம்சாவளியை நிரூபிக்கும் சந்ததியாருக்கு இந்த நூற்றாண்டிலும் கொடுத்துவந்திருக்கிறது.