மெய் விசுவாசமும் தன்வஞ்சனையும்

வேஷதாரிக்கும் தன்வஞ்சகனுக்கும் உள்ள பேதத்தை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. வேஷதாரி தன்னிடம் இல்லாத பக்தியை இருப்பதாகப் பிறருக்குக் காட்டுகிறான். தான் காட்டுவது பொய் என்பது அவனுக்கே தெரியும். தன்வஞ்சகனோ ஒருவரையும் ஏமாற்ற நினைப்பதில்லை. அவன் ஜெபிக்கும்போது மெய்யாகவே ஜெபிக்கிறான். பாடும்போது அவன் கண்களில் நீர் மெய்யாகவே பெருகுகிறது. வேஷதாரியைக் கண்டிக்கப் பிரசங்கங்கள் ஏராளம். தன்வஞ்சகனுக்குப் பிரசங்கம் செய்வதுதான் அரிது; சொல்லப்படுவது அடுத்த பலகையில் இருப்பவனைக் குறித்தது என்றெண்ணி அவன் மனப்பூர்வமாகத் தலையசைப்பான்.

கொரிந்து சபையாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், அவர்கள் விசுவாசத்தில் நிலைத்திருக்கிறார்களோ என்று தங்களையே ஆராய்ந்து பார்க்கும்படி பவுல் அப்போஸ்தலர் பணிக்கிறார். பணிப்பது எளிது. ஆனால் இவ்வழக்கில் நியாயாதிபதியும் எதிரியும் சாட்சியும் ஒருவனே. எந்தக் கச்சேரியில் இத்தகைய விசாரணை செல்லும்? ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலில் அறிவீனன் என்னத்தக்க ஒருவன் வருகிறான். இடுக்கமான வாசல் வழியே வராமல், கோணலான ஒரு சந்து வழியே பாதையில் புகுந்து, தன் இருதயம் நல்லதென்று தன் இருதயமே சொல்லுகிறது என மகிழ்ந்து நடந்து, பரம நகரத்தின் வாசல்வரை சுகமாகவே வந்துவிடுகிறான். அங்கே அத்தாட்சிச் சீட்டைக் கேட்டபோதுதான் மடியைத் தடவிப் பார்த்து வாய்பேசாமல் நிற்கிறான். அமெரிக்க தேசத்தில் பெரிய எழுப்புதலைக் கண்ணாரக் கண்ட ஜோனதன் எட்வர்ட்ஸ், 1746-இல் இப்பொருளைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். உள்ளம் பொங்குவதும், சரீரம் நடுங்குவதும், வேதவாக்கியங்கள் தாமாக நினைவில் எழுவதும், இரட்சிப்பைக் குறித்த உறுதியான நம்பிக்கையுங்கூட, மெய் விசுவாசத்துக்கு அத்தாட்சியும் அல்ல, அது இல்லை என்பதற்கு அத்தாட்சியும் அல்ல என்பது அவர் முடிபு. ஆகவே உணர்ச்சியைத் தராசில் இட்டுப் பயனில்லை. கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் பின் இரவெல்லாம் உறங்காது, தாம் மெய்யாகவே மனந்திரும்பினோமோ என்று நெஞ்சைக் கிளறிக்கொண்டிருக்கும் விடுதி மாணவர்களுக்கு இதனை முதலில் சொல்லவேண்டும். அவர்கள் தோண்டுமிடம் வேறு, நீர் இருக்குமிடம் வேறு.

எட்வர்ட்ஸின் நூல் வெளிவந்ததற்கு முந்தின ஆண்டில், நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் உத்தியோகஸ்தராய் இருந்த நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் நேர்ந்து மனமுடைந்திருந்த காலத்தில், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மகாராஜாவின் படைத்தலைவரான டிலனாய் என்னும் ஒல்லாந்தர் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொல்லித் தேற்றினார் என்பர். 1745-இல் அவர் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர்கள்தோறும் அவமானம் அடைந்து, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்டார்.

அவர் கேட்ட சரித்திரம் யோபுவின் சரித்திரம் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அப்புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே, ஆதாயம் ஒன்றும் கருதாமலா இந்த மனிதன் கடவுளுக்கு அஞ்சி நடக்கிறான் என்று சாத்தான் கேட்கிறான். நம் விசாரணைக்கு வேண்டிய கேள்வி இதுவே. இதனை நம் பகைவன் கேட்டிருக்கிறான் என்பது வெட்கத்துக்குரியதே. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி.

ஆனால் 'ஆதாயம்' என்றவுடன் பணமும் உத்தியோகமுமே நம் நினைவில் தோன்றுகின்றன. 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர் இதனாலேயே மிகவும் மனம் கசந்தார். தலைவரியினின்றும் ஊழிய வேலையினின்றும் தப்பலாம் என்ற எண்ணத்தோடு தம்மிடம் வந்தவர்களைக் கண்டு, இவர்களுள் மெய் விசுவாசிகள் எத்தனை பேர் என்று ஐயுற்றார். அவ்வையம் அவ்வளவு நியாயமானதன்று என்பதே என் அபிப்பிராயம். வரிப்பாரத்தால் நசுங்கியவன் அப்பாரம் நீங்கவேண்டும் என்று வெளிப்படையாய்க் கேட்டான். தன் நோக்கத்தை ஐயருக்கும் மறைக்கவில்லை, தனக்குத்தானும் மறைக்கவில்லை. மறைவு இல்லாத இடத்தில் தன்வஞ்சனை எங்ஙனம் இருக்கும்? குருடன் பார்வையையும் குஷ்டரோகி சுத்தத்தையும் நாடித்தானே ஆண்டவரிடம் வந்தார்கள்? 1816-இல் ரிங்கல்தௌபே இந்நாட்டை விட்டு நீங்கியபோது, மயிலாடி வேதமாணிக்கத்தின் கையில் சபைகளை ஒப்புவித்துச் சென்றார். 1818-இல் மீட் ஐயர் நாகர்கோவில் வந்து சேரும் வரை, பரிந்து பேசத் துரைமார் ஒருவரும் இல்லாத அந்த இடைக்காலத்திலும் சபைகள் அழியவில்லை. வேறு எண்ணத்தோடு வந்தவர்கள், வந்த இடத்தில் வேறு எதையோ கண்டு தங்கினார்கள் என்றுதான் கொள்ளவேண்டும்.

தன்வஞ்சனையைப் பார்க்க விரும்புவோர் ஏழைகளின் சபையை விட்டு வேறிடம் செல்லவேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 127 ஆண்டு கழித்து 1872-இல், ஒரு தேவாலயம் எழும்பியது. அதன் பீடம் ஒன்று. ஆனால் அப்பீடத்தினின்று மண்டபங்கள் இரண்டு, கால்சட்டையின் இரு கால்கள் போல் பிரிந்து சென்றன. ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார் முதலானோர். இரு திறத்தாரும் குருவானவரைக் காணலாம், ஒருவரையொருவர் காணலாகாது. 1910-இல் குருமார் இடைச்சுவரை இடித்து நீக்கினர். பிரிவினையைக் காக்க விரும்பியோர் வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர்.

இவர்களை வேஷதாரிகள் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சபைக்குக் கொடுத்தவர்கள், உபவாசம் இருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளைக் குருப்பட்டத்துக்கு விரும்பி அனுப்பியவர்களும் அவர்களுள் உண்டு. ஒரே அப்பத்தைப் புசிக்கும் சரீரத்தை நடுவே சுவர் வைத்துப் பிளந்தோமே என்பது மாத்திரம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சீர்திருத்த சபையார் இதனைக் கேட்டு மகிழ இடமில்லை. 1833-இல் அத்தியட்சர் வில்சன் ஜாதியாசாரத்தை அறவே விடவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் கூட்டங்கூட்டமாய்ப் பிரிந்து சென்றவர்கள் லுத்தரன் மரபில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களே. ஜாதியாசாரத்தைத் தாங்கி எழுதியவர்களுள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பதை நினைக்க மனம் நோகிறது. அவருடைய கீதங்களைப் பாடி உருகாத சபை தமிழ்நாட்டில் உண்டோ? அவர் விசுவாசம் பொய் என்று சொல்லத் துணிபவன் முதலில் அவர்போல் ஒரு பாட்டு எழுதட்டும். 1847-இல் மதுரை அமெரிக்கன் மிஷனார், எல்லா ஜாதியாரும் கூடி உண்ணவேண்டும் என்பதைச் சோதனையாக வைத்தபோது, ஊழியர் பலர் வேலையை இழக்கவும் சித்தமானார்கள். உடன் உண்ண இசையவில்லை. சம்பளம் அவர்களுக்குப் பெரிதன்று என்பது இதனால் விளங்கும். சாத்தான் கேட்ட ஆதாயம் பணத்தில் இல்லை, வேறிடத்தில் இருந்தது.

இங்கேதான் நம் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கவேண்டியிருக்கிறது. விசுவாசம் ஒரு நாணயம் போல் முழுதும் நல்லது அல்லது முழுதும் கள்ளது என்று எண்ணிக்கொண்டு நாம் சோதிக்கப் புறப்படுகிறோம். வடசேரியில் கோயில் நகை செய்யும் தட்டார் அப்படிச் சோதிப்பதில்லை. நகையின் நடுப்பாகம் உயர்ந்த பொன்னாகவே இருக்கும். அங்கே உரைத்தால் மாற்றுக் குறையாது. பற்றாசு வைத்து ஊதிய மூட்டுவாயிலேதான் மட்டம் தெரியும். சாஸ்திரியாரின் பக்தியும் வடக்கன்குளத்தாரின் உபவாசமும் நல்ல பொன். மூட்டுவாய், ஜாதி. அவ்விடத்தை மாத்திரம் உரைகல்லுக்குக் காட்டாமல் கைக்குள் மூடிக்கொண்டார்கள், மூடிக்கொண்டதையும் அறியாதிருந்தார்கள். அறியாதிருப்பதற்கு ஒரு சொல்லும் அவர்களுக்கு உதவிற்று. இஃது உலக வழக்கம், மார்க்கத்தைச் சேர்ந்ததன்று என்றனர். நம் வீடுகளில் அச்சொல் இன்னும் வழங்குகிறது. கிறிஸ்தவ மணமகள் தேவை என்று பத்திரிகையில் வரும் விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள்; சபையின் பெயரோடு ஜாதியின் பெயரும் அருகருகே இருக்கும். கேட்டால், இது குடும்பக் காரியம் என்பார்கள்.

ஆகையால் தன் விசுவாசத்தைச் சோதிக்க விரும்புகிறவன் தன் நெஞ்சைத் தனியே கேட்பதில் காலம் போக்காமல், சுவருக்கு அப்புறத்தில் இருப்பவனைச் சென்று கேட்கவேண்டும் என்பேன். வடக்கன்குளத்தில் மறுபுறத்து மண்டபத்தில் முழங்காற்படியிட்டிருந்த ஒருவனைக் கேட்டிருந்தால், நடுவே நிற்பது உலக வழக்கமா, மார்க்கத்தின் முறிவா என்பதற்கு ஒரு நொடியில் விடை கிடைத்திருக்கும். அவனை ஒருவரும் கேட்கவில்லை. நம் வீட்டு வேலைக்காரியும், நம்மிடம் கடன்பட்டவனும், சபைக் கமிட்டியில் எக்காலத்தும் இடம் பெறாத குடும்பத்தானும் நம்மைப் பற்றிச் சொல்லக்கூடிய சாட்சி, ஆயிரம் இரவு ஆத்மசோதனையிலும் அகப்படாது. இது மானத்துக்கு இதமானதன்று. பலரும் உணர்ச்சிச் சோதனையையே விரும்புவதற்குக் காரணம் அதுதானோ என்று எண்ணுகிறேன்.

தேவசகாயம் 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ரோமாபுரியில் புனிதராக உயர்த்தப்பட்டபோது, 'பிள்ளை' என்னும் ஜாதிப்பெயர் அவர் பெயரினின்று நீக்கப்பட்டது. சகல ஜாதியாரோடும் சமமாய்ப் பழகினார் என்று போற்றப்படும் ஒருவர்மேல், அவர் மரித்து 270 ஆண்டு வரை நாம் அப்பெயரை ஏற்றி வைத்திருந்தோம். இவ்வாண்டு பட்டம் பெற்று இக்கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவ மாணவியருள் பலருக்குச் சில ஆண்டுகளுக்குள் வீட்டில் வரன் பேச்சு எழும். தரகர் கேட்கும் முதற் கேள்வி எது என்பது அவர்கள் அறிந்ததே. பெற்றோர் விடை கூறுமுன் தாம் கூறுவதற்கு அவர்களுக்குச் சற்றே அவகாசம் கிடைக்கும்.